கணினிகளின் வெளிப்படைப் பேச்சு



தந்தி அலுவலகத்தில் வாழ்த்துத் தந்தி கொடுத்துப் பழகிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கின்றது. உங்கள் பாட்டனாரைக் கேளுங்கள், சொல்வார். திருமணம், தீபாவளி, தேர்வில் வெற்றி என்று ஒவ்வொன்றுக்கும் உரிய வாழ்த்துச் சொற்றொடர்கள் வரிசை எண்களுடன் அச்சிடப்பட்டிருக்கும். நாம் எண்ணை மட்டும் குறித்துக் கொடுத்தால் போதும். கம்பியின் வழியே எண்தான் செல்லும். அந்தப் பக்கத்தில் இருக்கும் ஊழியர் தம் பட்டியலைப் பார்த்து வாழ்த்து முழுவதையும் எழுதி, உறையிலிட்டு அனுப்புவார். செலவு குறைவு, நேரமும் குறைவு. ஆனால் ஓர் இலக்கம் மாறினால் ஒரு வாழ்த்துக்கு வேறொரு வாழ்த்து போய்ச் சேரும். பட்டியல் இல்லாதவருக்கோ அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. மாறாக, செய்தியைச் சொற்களாகவே கொடுத்தால் எழுத்தறிந்த எவரும் படித்துப் பொருள் கொள்வர். அதிலும் ஒரு குறை உண்டு: இடையிலிருக்கும் தந்தி ஊழியர்கள் அனைவரும் நம் வீட்டுச் செய்தியை அறிந்துவிடுவர்! இந்தியத் தந்திச் சேவை 2013 ஜூலை 14 இரவோடு நின்றுவிட்டது. ஆயினும் சுருக்கம், தெளிவு, இரகசியம் என்ற மூன்றுக்கும் இடையே இருந்த இழுபறி நிற்கவில்லை. அது கணினிகளுக்குள் குடிபுகுந்துவிட்டது. அதைப் பற்றியே இன்று பேசப் புகுகின்றேன்.

பல்லடத்தில் விசைத்தறிக் கூடங்களையும் திருப்பூர்ச் சாலையில் பின்னலாடை நிறுவனங்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். தறியின் ஓசைதான் நம் காதில் விழுகின்றது. அந்த ஓசைக்குப் பின்னால், ஓர் அறையின் மூலையில், குளிர்சாதனத்தின் கீழ் ஓசையின்றி இயங்கும் பெட்டிகள் சில இருக்கும். அவற்றைச் ‘சர்வர்’ என்பர்; தமிழில் வழங்கி எனலாம். நூல் எவ்வளவு வந்தது, காடாத்துணி எவ்வளவு போயிற்று, வெளிநாட்டு வணிகர் கேட்ட சரக்கு எந்த நிலையில் உள்ளது என்ற கணக்குகளையெல்லாம் கேட்பவருக்கு எடுத்து வழங்குவது அதன் வேலை.

வழங்கி ஒன்றாக இருந்தால் ஒருவர் எதிரே அமர்ந்து கவனித்துக்கொள்ளலாம். முப்பது, முந்நூறு என்று பெருகினால் என்ன செய்வது? ஒரு மேஸ்திரி ஒவ்வொரு தறியாகச் சென்று ஒரே சொல்லை முந்நூறு முறை சொல்லிக்கொண்டிருக்க இயலுமா? ஆதலால் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதுவதுபோல் ஒரு கோப்பில் எழுதி வைத்து, அதை எல்லா வழங்கிகளிடமும் தானே எடுத்துச் சென்று நிறைவேற்றும் கருவிகளை அமைத்தார்கள். இவையே வழங்கித் தானியக்கக் கருவிகள். 1993ஆம் ஆண்டில் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மார்க் பர்ஜஸ் என்பவர் தொடங்கிய சிஎஃப்எஞ்சின் இவற்றுள் மூத்தது. 2005இல் பப்பெட், 2012இல் ஆன்சிபிள் எனப் பல பின்னர் வந்தன. ஆன்சிபிள் என்பது உர்சுலா லெ குவின் என்ற எழுத்தாளர் 1966ஆம் ஆண்டு நாவலொன்றில், விண்மீன்களுக்கிடையே நொடியில் செய்தி அனுப்பும் கற்பனைக் கருவிக்கு இட்ட பெயர்.

இந்தக் கருவி வழங்கிகளுடன் எந்த மொழியில் பேசுகின்றது? இரு கணினிகள் உரையாடும்பொழுது யார் முதலில் பேசுவது, எப்படிக் கேட்பது, எப்படி விடை கூறுவது, எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே செய்துகொண்ட உடன்பாட்டை நெறிமுறை என்கின்றோம். நெறிமுறைகளில் இரு வகை உண்டு. ஒன்று, தந்தியின் எண்களைப் போன்றது. பட்டியலை வைத்திருக்கும் இயந்திரத்திற்கே அது விளங்கும். மற்றொன்று, மனிதன் கண்ணால் படிக்கக்கூடிய எழுத்துகளிலேயே நடைபெறுவது. இதனை வெளிப்படை எழுத்து நெறிமுறை எனலாம்.

நம் வட்டாரத்திலேயே இவ்விரண்டையும் காணலாம். நூல் மூட்டையை நிறுக்கும் மின்னணுத் தராசுகள் பலவற்றின் பின்புறத்தில் ஒரு கம்பி இணைப்பு இருக்கும். அதன் வழியே எடை ஒரு வரி எழுத்தாகக் கணினிக்குச் செல்கின்றது. ஆலைகளில் மின்சாரத்தை அளக்கும் அளவிகள் மோட்பஸ் என்னும் நெறிமுறையைப் பெரிதும் கையாளுகின்றன. மோடிகான் என்ற அமெரிக்க நிறுவனம் 1979இல் வகுத்தது அது. அதற்கே இரு நடைகள் உண்டு. ஒரு நடையில் செய்தி சுருக்கமான இரும எண்களாகச் செல்லும். மற்றதில் ஒவ்வொரு பைட்டும் இரண்டு எழுத்துகளாக எழுதப்பட்டு, முக்காற்புள்ளியில் தொடங்கி வரியின் முடிவோடு முடியும். எழுத்து நடையில் செய்தி ஏறத்தாழ இரு மடங்கு நீளும். கோளாறு நேரும்பொழுது திரையில் பார்த்தவுடன் படிக்கலாம் என்பதே அந்த நீளத்திற்கு ஈடு.

வெளிப்படை எழுத்து நெறிமுறைகளில் மிகவும் அழகானது என்று நான் கருதுவது, மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி. இதை ஜான் போஸ்டல் என்ற அறிஞர் 1982 ஆகஸ்டில் வரையறுத்தார். இரு கணினிகள் எப்படி உரையாடுகின்றன என்று செவிமடுங்கள். அழைத்தவுடன் வழங்கி ‘220’ என்று கூறி, அதே வரியில் தன் பெயரையும் ஒரு வரவேற்புச் சொல்லையும் சேர்க்கும். வந்தது ‘ஹெலோ’ என்று தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். வழங்கி, ‘250, சரி’ என்னும். ‘இன்னாரிடமிருந்து அஞ்சல்’, ‘250, சரி’. ‘இன்னாருக்கு’, ‘250, சரி’. ‘இதோ கடிதம்’, ‘354, சொல்லுங்கள்’. கடிதம் வரி வரியாகச் செல்லும். இறுதியில் ஒரு வரியில் தனியாக ஒரு புள்ளி. அவ்வளவே.

இந்த உரையாடலில் ஒவ்வொரு விடையும் இரட்டை வேடம் பூண்டிருப்பதைக் கவனித்தீர்களா? வரியின் தலையில் உள்ள மூன்று இலக்க எண் இயந்திரத்திற்கு உரியது. பின்னால் வரும் சொற்கள் மனிதனுக்கு உரியவை. நெறிமுறையின் ஆவணமே இதனைத் தெளிவாகச் சொல்லியிருக்கின்றது. எண்ணின் முதல் இலக்கம் 2 ஆனால் காரியம் ஆயிற்று. 3 ஆனால் மேலே சொல். 4 ஆனால் இப்போது இயலாது, பிறகு வா. 5 ஆனால் இயலவே இயலாது. தானியக்கக் கருவி சொற்களைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. முதல் இலக்கத்தைப் பார்த்தே அடுத்த அடியை எடுத்து வைக்கும். நள்ளிரவில் ஏதேனும் கெட்டுப்போய், ஊழியர் எழுந்து வந்து பார்க்கும்பொழுது அதே வரியின் பிற்பகுதி, நடந்தது என்ன என்று அவருக்குச் சொல்லும். தந்திக்காரரின் எண்ணையும் சொல்லையும் ஒரே வரியில் இணைத்து வைத்த திறமை இது.

கடிதத்திற்குள்ளேயே ஒருவர் தனிவரியில் ஒரு புள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுள் யாரேனும் கேட்கலாம். நல்ல கேள்வி. அனுப்பும் கணினி, புள்ளியில் தொடங்கும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இன்னொரு புள்ளியைச் சேர்த்துவிடும். பெறும் கணினி அதை நீக்கிவிடும். கடிதத்துக்கு ஊறு நேராது.

இனி, சற்று வேறான ஒன்றைப் பார்ப்போம். தொலைவிலுள்ள கணினியில் இங்கிருந்தே வேலை செய்ய உதவும் டெல்நெட் என்னும் நெறிமுறை 1969இல் தோன்றி, 1983இல் நிலைபெற்றது. நாம் தட்டும் எழுத்துகள் அப்படியே அங்கே செல்லும். அங்கே தோன்றும் எழுத்துகள் இங்கே வரும். 1990இல் அமெரிக்க நாட்டுத் தர நிறுவனத்தில் பணியாற்றிய டான் லிப்ஸ் என்பவர், ‘எதிர்பார்’ என்ற பொருளுடைய எக்ஸ்பெக்ட் என்னும் கருவியை வெளியிட்டார். ‘பெயர்’ என்று திரையில் வரும்வரை காத்திரு; வந்ததும் பெயரை அனுப்பு; ‘கடவுச்சொல்’ என்று வந்ததும் அதை அனுப்பு என்று எழுதி வைத்தால், மனிதன் அமர்ந்து செய்வதை அது செய்யும். மனிதனுக்காக அமைந்த உரையாடலை இயந்திரமும் படித்துக்கொள்ள முடிந்தது, அது எழுத்தாக இருந்ததனால்தான்.

எனினும் டெல்நெட்டில் எஸ்எம்டிபியின் மூன்று இலக்க எண் இல்லை. திரையில் வரும் சொல்லையே நம்பியிருக்க வேண்டும். சாதனம் செய்தவர் புதிய பதிப்பில் ‘பெயர்’ என்பதை ‘பயனர்’ என்று மாற்றிவிட்டால், கருவி வராத சொல்லுக்காக வழிமேல் விழி வைத்துக் காத்துக் கிடக்கும்! எழுத்தாக இருப்பது மட்டும் போதாது. அந்த எழுத்தில் மாறாத ஓர் எலும்புக்கூடும் இருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் கணினி வலையமைப்பு எழுத்து வடிவிலேயே வளர்ந்தது. 1986இல் எர்னெட் என்னும் திட்டம் தொடங்கி, சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட கல்வி நிறுவனங்கள் ஒன்றோடொன்று மின்னஞ்சல் பரிமாறிக்கொள்ளலாயின. 1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அக்காலத்தில் மாணவர்கள் பெற்ற குறைந்த கட்டண இணைப்பில் படம் வராது. கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டுமே வரும். இன்று கணினித் துறையில் நிமிர்ந்து நிற்போர் பலர் அந்தக் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டித்தான் தொழிலைக் கற்றார்கள்.

அதே 1995இல் பின்லாந்து நாட்டில் ஒரு நிகழ்ச்சி. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்டு, கடவுச்சொற்களைத் திரட்டிவிட்டார்கள். ஒட்டுக்கேட்பதற்குத் தனித்திறமை ஒன்றும் தேவைப்படவில்லை. கடவுச்சொற்கள் கம்பியில் வெளிப்படை எழுத்தாகவே ஓடிக்கொண்டிருந்தனவே! இதைக் கண்ட டாட்டு யுலோனென் என்ற ஆராய்ச்சியாளர், உரையாடல் முழுவதையும் மறையீடு செய்து அனுப்பும் எஸ்எஸ்எச் என்ற புதிய நெறிமுறையைப் படைத்து, அவ்வாண்டு ஜூலையில் வெளியிட்டார். டெல்நெட்டின் வாயில் எண் 23. கோப்புகளைக் கொண்டுசெல்லும் எஃப்டிபிக்கு 21. நடுவில் வெறுமையாய் இருந்த 22ஐ அவர் கேட்டுப் பெற்றார். ஆன்சிபிள் இயல்பாக வழங்கிகளோடு பேசுவது இந்த எஸ்எஸ்எச் வழியேதான்.

அப்படியானால் டெல்நெட் போன்றவற்றைத் தானியக்கக் கருவிகள் அறவே கைவிட்டுவிட வேண்டியதுதானே? அறிஞர் பலர் அவ்வாறே சொல்கின்றனர். அவர்கள் கூற்றுக்கு வலிமையான சான்றும் உண்டு. 2016இல் மிராய் என்ற தீய நிரல் உலகெங்கும் பரவியது. அது செய்தது என்ன? இணையத்தில் கண்ட சாதனங்களின் டெல்நெட் கதவை ஒவ்வொன்றாகத் தட்டி, தயாரித்தவர்கள் இட்டு அனுப்பிய பழைய பெயர்-கடவுச்சொல் இணைகள் அறுபதுக்குச் சற்று மேற்பட்டவற்றை முயன்று பார்த்தது. கண்காணிப்புக் கேமராக்கள், வீட்டு இணையப் பெட்டிகள் எனப் பெரும் படையே அதன் கைக்குள் வந்தது. அந்தப் படையைக் கொண்டு 2016 அக்டோபர் 21 அன்று டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியபொழுது, அமெரிக்காவின் புகழ்பெற்ற இணையத்தளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. மிராயும் ஒரு தானியக்கக் கருவிதான். டெல்நெட்டைத் திறம்படப் பேசிய கருவி. அதனைப் படைத்ததாகப் பின்னர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட மூவருள் ஒருவர் கல்லூரி மாணவராய் இருந்தவர் என்பதை, கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களுக்குச் சொல்லாமல் விடக் கூடாது.

இவ்வளவையும் அறிந்த பின்னும், தானியக்கக் கருவிகள் வெளிப்படை எழுத்து நெறிமுறைகளைப் பேச அறிந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. காரணம் எளிது. பெட்டியிலிருந்து புதிதாக எடுத்த சாதனமோ, பல்லாண்டுகளாகச் சுவரில் தொங்கும் பழைய சாதனமோ டெல்நெட்டை மட்டுமே அறிந்திருக்கலாம். அதனிடம் சென்று ‘இனி நீ எஸ்எஸ்எச் பேசு’ என்று கற்பிக்க வேண்டுமானால், எந்த மொழியில் கற்பிப்பது? அதற்குத் தெரிந்த மொழியில்தானே? தமிழ் மட்டும் அறிந்த குழந்தைக்கு ஆங்கிலத்தின் முதற்பாடத்தைத் தமிழில்தான் தொடங்குகின்றோம்.

2017இல் ஆன்சிபிளின் 2.4ஆம் பதிப்பில் டெல்நெட்டுக்கென ஒரு சிறு கூறு சேர்க்கப்பட்டது. அதைச் சேர்த்தவர்களே, இது பெரும்பாலும் டெல்நெட் மட்டும் திறந்திருக்கும் சாதனங்களில் எஸ்எஸ்எச்சை இயங்கச் செய்வதற்கே உரியது என்று விளக்கக் குறிப்பில் எழுதி வைத்தார்கள். நேர்மையான குறிப்பு! ஆற்றைக் கடந்ததும் விட்டுவிட வேண்டிய பரிசல் என்று பரிசலிலேயே எழுதி வைத்ததுபோல.

பின்னலாடை நிறுவனமொன்றில் கணினிகளைப் பராமரிக்கும் என் பழைய மாணவர் ஒருவர் அதைக் கையாளும் முறையைச் சொன்னார். “ஐயா, இந்தக் கூடத்தில் பதினான்கு பழைய ஸ்விட்ச் பெட்டிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் மாற்ற முதலாளி இசையமாட்டார். பொது வலையில் வைத்து டெல்நெட் பேசினால் கடவுச்சொல் வெளியாகிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் பிரித்து, ஒரே கம்பியால் என் மடிக்கணினியோடு நேராக இணைத்துக்கொள்வேன்” என்றார். அதன்பின் கருவி முறையாகச் செல்கின்றது. முதலில் சாதனத்துக்குப் பெயர் இடுகின்றது, மறையீட்டுக்குரிய சாவிகளை உண்டாக்கச் சொல்கின்றது, எஸ்எஸ்எச்சைத் திறக்கின்றது, பிறகு எஸ்எஸ்எச் வழியே தானே உள்ளே சென்று பார்க்கின்றது, கடவுச்சொல்லை மாற்றுகின்றது. அனைத்தும் சரியான பின்பே டெல்நெட் கதவை அடைக்கின்றது. இந்த வரிசை மாறலாகாது. புதிய கதவு திறக்கின்றதா என்று பாராமல் பழைய கதவைப் பூட்டிவிட்டால், சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டியவர் கதைதான்.

வெளிப்படை எழுத்து என்றாலே இரகசியம் இல்லை என்று எண்ணிவிட வேண்டா. கடிதம் தமிழில் இருப்பது ஒன்று. அது உறைக்குள் இருப்பது வேறொன்று. 1999இல் எஸ்எம்டிபிக்கு ஓர் உறை வகுக்கப்பட்டது. ‘இனி மறையீட்டில் பேசுவோம்’ என்று நடுவில் ஒரு கட்டளை கொடுத்தால், அதன் பிறகு நடப்பது அதே 250, 354 உரையாடல்தான்; வழியில் உள்ளவர் காதில் மட்டும் விழாது. இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபியும் அவ்வாறே உறைக்குள் செல்கின்றது. அந்நெறிமுறை 2015இல் வேகம் கருதித் தன் இரண்டாம் பதிப்பில் எழுத்தைக் கைவிட்டு இரும எண்களுக்கு மாறியது. அதைக் குறை கூறுவதற்கில்லை. கோடிக்கணக்கான பக்கங்களைச் சுமப்பதற்கு விரைவு வேண்டும். ஆயினும் 1998 முதல் சுவீடன் நாட்டு டேனியல் ஸ்டென்பர்க் வளர்த்துவரும் கர்ல் என்ற கருவியில் அந்த எண்களைப் பார்க்க விரும்பினால், அது மீண்டும் பழைய எழுத்து வரிகளாகவே மாற்றிக் காட்டுகின்றது. கண்ணால் படிக்க வேண்டும் என்ற ஆசை மனிதனை எளிதில் விடுவதில்லை.

எழுத்து நெறிமுறையின் உண்மையான பலவீனம், என் நோக்கில், இரகசியக் குறைவன்று, இருபொருள்தான். கடிதத்தின் முடிவில் தனிப்புள்ளி என்று சொன்னேன் அல்லவா? அந்தப் புள்ளிக்கு முன்னும் பின்னும் வரி முடிவைக் குறிக்க இரண்டு மறைக்குறிகள் சேர்ந்து வர வேண்டும் என்பது விதி. ஒரு குறி மட்டும் வந்தாலும் போகட்டும் என்று சில வழங்கிகள் தாராளமாய் ஏற்றுக்கொண்டன, சில ஏற்கவில்லை. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி, ஒரு கடிதத்தின் வயிற்றுக்குள் பிறர் பெயரில் இன்னொரு கடிதத்தை ஒளித்து அனுப்ப முடியும் என்பதை 2023 டிசம்பரில் ஆராய்ச்சியாளர்கள் வெளிப்படுத்தினார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வழக்கிலிருந்த நெறிமுறையில், ஒரு புள்ளியின் ஓரத்தில்! வரிமுடிவைக் கண்டிப்பாக நோக்கும் அமைப்பை எல்லா வழங்கிகளிலும் ஒரே நாளில் நிறுவவும் தானியக்கக் கருவிகள் உதவும்.

தமிழ் மாணவர்களாகிய நமக்கு உரிய வினா ஒன்று எஞ்சியுள்ளது. வெளிப்படை எழுத்து என்கின்றார்களே, யாருக்கு வெளிப்படை? 1982இல் எஸ்எம்டிபி வகுத்தபொழுது எழுத்து என்றால் 128 குறிகள் மட்டுமே அடங்கிய ஆங்கில வரிசைதான். அதில் நம் அகரத்திற்கே இடமில்லை. 1992இல் வந்த ஏற்பாட்டின்படி, தமிழ்க் கடிதத்தைப் பெரும்பாலும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த புரியாத சரமாக மாற்றித்தான் அனுப்ப நேர்ந்தது. ஆங்கிலேயர் கடிதம் கம்பியில் படிக்கத்தக்கதாய் ஓட, நம் கடிதம் மட்டும் தந்தி எண்போல் மறைந்து ஓடியது! இன்று ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் ‘அ’ என்ற எழுத்து மூன்று பைட்டுகளாகச் செல்கின்றது. ஆங்கில எழுத்துக்கு ஒன்றே போதும். 2012 பிப்ரவரியில் வெளியான விரிவாக்கத்தின்படி, அனுப்புநர், பெறுநர் முகவரிகளையே தமிழில் எழுதி எஸ்எம்டிபியில் பேசலாம். ஆனால் இடையிலுள்ள வழங்கிகள் அனைத்தும் அதற்கு இசைந்தவையாக இருக்க வேண்டும். எழுத்துக்கு ஒரு பைட் என்று எண்ணிக்கொண்டு வரியின் நீளத்தைக் கணக்கிடும் கருவி, தமிழ் வரியை நடு எழுத்தில் வெட்டிவிடும். தானியக்கக் கருவி எழுதுவோர் ஒவ்வொருவரும் தம் சோதனைகளில் ஒரு தமிழ்ப் பெயரையும் சேர்த்துக்கொண்டால் இக்குறை உடனே தெரிந்துவிடும். இதை நீங்கள்தான் செய்ய வேண்டும். வேறு நாட்டார் நமக்காக நினைவு வைத்துச் செய்யமாட்டார்.

இவற்றைக் கேட்டதோடு நில்லாமல், உங்கள் சொந்தக் கணினியில் செய்து பார்க்க ஒரு வழி சொல்கின்றேன். பிறர் கணினியில் முயலக் கூடாது, அது குற்றம். பைத்தான் மொழியோடு சிறிய இணைய வழங்கி ஒன்று சேர்ந்தே வருகின்றது. உங்கள் கணினி ஆசிரியரிடம் கேட்டு அதை இயக்குங்கள். அது வழக்கமாக 8000 என்ற வாயிலில் காத்திருக்கும். இன்னொரு சன்னலிலிருந்து டெல்நெட்டால் அந்த வாயிலை அழைத்து, கெட் என்ற கட்டளையையும், இடம்விட்டு ஒரு சாய்கோட்டையும், மீண்டும் இடம்விட்டு எச்டிடிபி/1.0 என்பதையும் ஆங்கில எழுத்தில் தட்டி, இரண்டு முறை வரி முடியுங்கள். முதல் வரியில் 200 என்ற எண்ணுடன் விடை வரும். கீழே ஒவ்வொரு வரியாக நாள், நேரம், பக்கத்தின் வகை எல்லாம் இருக்கும். பின்பு சாய்கோட்டையடுத்து இல்லாத ஒரு கோப்பின் பெயரைத் தட்டிக் கேளுங்கள். அப்பொழுது வரும் எண் 404. அதன் முதல் இலக்கம் 4. எஸ்எம்டிபியில் 4 என்றால் ‘பிறகு வா’ என்று பொருள். இங்கே அப்படியன்று, ‘பிழை கேட்டவரிடம்’ என்று பொருள்.